வெள்ளி மாலையே கிளம்பிவிடுங்கள், தம்பி

ரெடிங்குக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வேலை நாட்கள் ஓடிவிடுகின்றன, சனி ஞாயிறுதான் அறைக்குள் அடைந்து கிடக்கிறேன், நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள் அண்ணா என்று கேட்டிருந்தீர்கள். லண்டனில் எனக்கு இது 16-ஆவது வருடம். முதல் குளிர்காலத்தில் நானும் போர்வையும் போனுமாக அப்படித்தான் கிடந்தேன். எங்கள் வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள். டிரஃபால்கர் சதுக்கத்து நேஷனல் கேலரி வெள்ளிக்கிழமைகளில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். அவர்களுடைய சொந்த ஓவியங்களைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ரெடிங்கில் எலிசபெத் லைன் ரயிலில் ஏறி டாட்டனம் கோர்ட் ரோட்டில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சும்மா உள்ளே போகிற இடம் என்பதால், எல்லா அறையையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற பதைப்பே வேண்டாம். ஒரே ஓவியத்துக்கு முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், ஆங்கிலேய ஓவியர் டர்னர் 1844-இல் காட்சிக்கு வைத்த 'மழை, நீராவி, வேகம்'. மழையைக் கிழித்துக்கொண்டு ஒரு ரயில் நம்மைப் பார்த்து வருகிறது. அது வருவது, ரெடிங்குக்கும் லண்டனுக்கும் நடுவே மெய்டன்ஹெட்டில் தேம்ஸ் ஆற்றின் மேல் பொறியாளர் புருனல் கட்டிய செங்கல் பாலத்தின் மேல். பிற்பாடு அகலப்படுத்திய அதே பாலத்தின் மேல்தான் நீங்கள் ஏறி வந்த ரயிலும் வந்திருக்கும்! என்ஜினுக்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு முயல் ஓடுகிறது. வண்ணம் மங்கிப்போனதால் சட்டென்று தெரியாது. என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது முதல் நாள் ஆற்றில் இருக்கும் படகைத்தான் கண்டுபிடித்தாள். இன்னொரு வெள்ளிக்கிழமை வலது பக்கம் உழுகிறவரைக் கண்டாள். முயலுக்காக நான்காவது தடவையும் போனோம். அது கண்ணில் பட்டதும் அவள் என் கையை நசுக்கிய நசுக்கல் இன்னும் நினைவிருக்கிறது.

சனிக்கிழமை சமையல். காலையில் கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைத்தெருவுக்குப் போய்ச் சின்ன வெங்காயம், முருங்கைக்காய், கறிவேப்பிலை வாங்குவோம். மீனுக்கு இங்கே கிடைக்கும் மெக்கரல் போதும். நம் அயிலைக்குச் சொந்தக்காரன், கொழுப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல். நாகர்கோவிலில் இருக்கும் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, போனை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைப்போம். கோடையில் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. அதனால் மதியத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். உறைந்த தேங்காய்த் துருவலை அப்படியே மிக்ஸியில் போடாதீர்கள், கொழுப்பு திரண்டு உருண்டுவிடும். நன்றாக இளகவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அரைத்தால் அம்மியில் அரைத்த மாதிரி வரும். தாளிப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புகை அலாரம் காத்துக்கொண்டே இருக்கும். "புளி இன்னும் கொஞ்சம்" என்று அம்மா திரையிலிருந்தே சொல்வார். குழம்பின் நிறத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும்.

தனியாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். செய்யுங்கள் தம்பி. ஒரு ஆளுக்கு என்றாலும் சட்டி நிறையச் செய்து, பக்கத்து அறைப் பையனையும் கூப்பிடுங்கள்.

அப்புறம் பாட்டு. 2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. வீட்டில் ஆளுக்கு ஒன்று தேர்ந்தெடுத்து, சனி இரவு சாப்பாடு முடிந்ததும் முழுதாகக் கேட்போம். நடுவில் தாவக் கூடாது என்பது மகள் போட்ட சட்டம். எஸ்ரா கலெக்டிவ் என்ற லண்டன் ஜாஸ் குழுவை எனக்குக் காட்டியவளும் அவள்தான். பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களில் ஆண்டின் சிறந்ததற்குத் தரும் மெர்குரி பரிசை 2023-இல் வாங்கினார்கள். ஜாஸ் குழு ஒன்று அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. கோயில் திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த டிரம்ஸ் உடனே ஒட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை அலுவலகத்தில் யாரிடமும் வானிலையைத் தவிரப் பேச வேறொன்று இல்லையே என்ற தவிப்பும் எனக்கு இப்படித்தான் போனது.

ஞாயிறு தோசை, துணி துவைப்பது, தூக்கம், அவ்வளவுதான்.

வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். வெறுங்கையோடு வரலாம், ஆனால் உங்களுக்குப் பிடித்த புது ஆல்பம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் அதைத்தான் முதலில் போடப்போகிறோம்.