கார் ஏசி: குளிர் குறைந்தால் எங்கே பார்ப்பது?

காரின் ஏசி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன். கேஸ் நிரப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் பல கேள்விகளில் தெரிவதால், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் காருக்கு வயது ஏழு. சில ஆண்டுகளாக ஒவ்வொரு கோடையிலும் ஏசியில் குளிர்ச்சி குறைந்துவிடுகிறது. கேஸ் நிரப்பினால் சில மாதங்கள் நன்றாக இருக்கிறது, பிறகு பழைய கதைதான். ஓட ஓடக் கேஸ் தீர்ந்துபோவது இயல்பு என்று பணிமனையில் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்: சரியல்ல. ஏசியில் இருக்கும் கேஸ், பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அன்று. அது கம்ப்ரசரில் அழுத்தப்பட்டு, காரின் முகப்பில் இருக்கும் கண்டென்சரில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையைக் கடக்கும்போது அழுத்தம் சட்டென்று குறைய, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகி, உள்ளே வீசும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் கம்ப்ரசருக்கே வந்து சேர்கிறது. இது மூடிய சுற்று. அளவு குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓர் ஓட்டை வழியாக வெளியேறியிருக்கிறது என்பதுதான் பொருள். ரப்பர் குழாய்கள் வழியாகவும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியிருந்தால் அது தேடிக் கண்டுபிடிக்கப்பட வேண்டிய கசிவு.

கசிவைக் கண்ணாலேயே ஓரளவு தேடலாம். கேஸுடன் சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றிவருவதால், கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். பானெட்டைத் திறந்து டார்ச் வெளிச்சத்தில் அலுமினியக் குழாய்களைப் பின்தொடர்ந்து பாருங்கள். மற்ற இடங்களில் புழுதி சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடக்க, ஏதேனும் ஒரு மூட்டில் மட்டும் அது கருத்து ஈரமாகப் படிந்து, விரலால் தொட்டால் வழவழக்குமானால், முதல் சந்தேகம் அந்த மூட்டை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் மீது விழ வேண்டும். கேஸ் நிரப்பும் வாயில் உள்ள சிறு வால்வு, கம்ப்ரசரின் முன்பகுதி, கல் தெறித்து அடிபட்ட கண்டென்சர் ஆகியவை அடுத்துப் பார்க்க வேண்டியவை. கூலிங் காயில் கசிந்தால் வெளியே எதுவும் தெரியாது; காயிலின் தண்ணீர் வடியும் குழாயின் வாயில் கசிவு அறியும் கருவியை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். மிக நுண்ணிய கசிவுக்கு, சுற்றுக்குள் சாயம் கலந்து சில நாட்கள் ஓட்டிவிட்டுப் புற ஊதா விளக்கில் பார்ப்பதும், உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்தி மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பதும் நம்பகமான முறைகள்.

வண்டி நின்றிருக்கும்போது அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிவிட்டு, பிரஷர் இருக்கிறது, ஆகவே கேஸ் இருக்கிறது என்று முடிவு செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆர்-134ஏ வகைக் கேஸ் 30 டிகிரி செல்சியஸில் 100 பிஎஸ்ஐக்குச் சற்றுக் குறைவான அழுத்தத்தைக் காட்டும். சுற்றுக்குள் திரவம் கொஞ்சமாவது மீதமிருக்கும் வரை, பாதிக் கேஸ் வெளியேறியிருந்தாலும் அதே எண்தான் வரும். இருப்பது எவ்வளவு என்று அறிய ஒரே வழி, முழுவதையும் இயந்திரத்தில் மீட்டெடுத்து எடை பார்ப்பதுதான். எந்த வகைக் கேஸ், எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டிய தாளில் அச்சிடப்பட்டிருக்கும். பல சிறிய கார்களில் மொத்த அளவே அரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், கண் மதிப்பில் கூட்டுவதும் குறைப்பதும் குளிர்ச்சியை நேரடியாகப் பாதிக்கும். அதிகமாக நிரப்பினால் கண்டென்சரின் கீழ்ப்பகுதி திரவத்தால் நிறைந்து, கேஸ் குளிர்வதற்கான இடம் சுருங்கி, அழுத்தம் ஏறி, குளிர்ச்சி கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துவிடும்.

கசிவை அடைத்த பிறகு, சுற்றில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்பால் குறைந்தது அரை மணி நேரமாவது உறிஞ்சி எடுத்து, பம்பை நிறுத்தியபின் கேஜின் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே கேஸ் நிரப்பச் சொல்லுங்கள். உள்ளே தங்கும் ஈரம் வால்வில் உறையும். எண்ணெயுடன் சேர்ந்து உலோகத்தையும் அரிக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் அது ஆயிரம் கிலோ கரியமில வாயுவைவிட அதிகமாகப் பூமியைச் சூடாக்குகிறது. கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்பித் தருவதைப் பழுது நீக்கம் என்று தயவுசெய்து ஏற்காதீர்கள்.

கேள்வி: சிறு டப்பாவில் விற்கும் கேஸை வாங்கி நானே நிரப்பிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த டப்பாவுடன் வரும் கேஜ், சுற்றின் குறைந்த அழுத்தப் பக்கத்தை மட்டுமே காட்டும். உயர் அழுத்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிரப்புவது கம்ப்ரசருக்கு ஆபத்து. ஆர்-134ஏ கொதிப்பதே உறைநிலைக்கு 26 டிகிரி கீழே என்பதால், திரவம் தோலிலோ கண்ணிலோ பட்டால் அந்த இடம் உறைந்து புண்ணாகும். புதிய கார்களில் பயன்படும் ஆர்-1234ஒய்எஃப், வெப்பமாக்கும் தன்மை மிகக் குறைந்தது என்றாலும் இலேசாகத் தீப்பற்றக்கூடியது. இவ்விரண்டையும் ஒன்றில் ஒன்று கலக்கவே கூடாது. கசிவை அடைக்கும் பசை கலந்த டப்பாக்கள் இன்னும் மோசம். அந்தப் பசை கேஸ் மீட்டெடுக்கும் இயந்திரத்தையே கெடுத்துவிடும்.

கேள்வி: வண்டி ஓடும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது. சிக்னலில் நின்றால் சில நிமிடங்களில் வெப்பக் காற்று வருகிறது. கேஸ் சரியான அளவில் இருப்பதாகச் சொல்கிறார்கள். வேறு என்ன காரணம்?

பதில்: நீங்கள் குறிப்பிடும் அறிகுறி கண்டென்சரை நோக்கிக் கைகாட்டுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கும்; நின்றுவிட்டால் அந்த வேலை முழுவதும் மின்விசிறியின் தலையில் விழுகிறது. எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுக் கவனியுங்கள். பெரும்பாலான கார்களில் விசிறி உடனேயோ சிறிது நேரத்திலோ சுழலத் தொடங்க வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, விசிறியின் மோட்டார் என்ற வரிசையில் தேடலாம். இரு வேகங்களில் ஓடும் விசிறிகளில், குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோய், எஞ்சின் மிகச் சூடான பிறகே விசிறி ஓடுவதும் உண்டு.

விசிறி சரியாக ஓடினால் அடுத்தது அழுக்கு. முகப்பிலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். அதற்கும் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் புழுதியும் பூச்சிகளும் சருகும் மெத்தையாகப் படிந்திருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீரை உட்புறத்திலிருந்து முகப்பை நோக்கிப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். அழுத்தம் கூடினால் தகடுகள் மடங்கிக் காற்றுவழி அடைபடும். இது கண்டென்சர் பிரச்சினைதானா என்று உறுதி செய்ய எளிய சோதனை ஒன்று இருக்கிறது: வண்டியை நிறுத்தி ஏசியை ஓடவிட்டு, உள்ளே வெப்பக் காற்று வரும் நேரத்தில் கண்டென்சர் மீது தண்ணீர் தெளிக்கச் செய்யுங்கள். உடனே குளிர்காற்று வரத் தொடங்கினால் வெப்பம் வெளியேறாததே காரணம்.

தண்ணீர் தெளித்தும் மாற்றம் இல்லையென்றால் இரண்டு கேஜ்களையும் மாட்டிப் பார்க்க வேண்டும். குறைந்த அழுத்தப் பக்கம் இயல்பைவிடக் கூடியும், உயர் அழுத்தப் பக்கம் குறைந்தும் காட்டினால், தேய்ந்த கம்ப்ரசர் குறைந்த வேகத்தில் போதிய அழுத்தம் தர இயலாமல் தவிக்கிறது என்று கொள்ளலாம். எஞ்சினின் வெப்பநிலை முள்ளும் சேர்ந்து ஏறுகிறதா என்று அவசியம் கவனியுங்கள். எஞ்சினைக் காப்பாற்ற அதன் கணினியே ஏசியை நிறுத்தும் வழக்கம் பல கார்களில் இருப்பதால், அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது கூலன்ட்டும் ரேடியேட்டரும்தான்.

கேள்வி: நீண்ட பயணத்தில் முதல் அரை மணி நேரம் நல்ல குளிர். பிறகு ப்ளோயர் சத்தம் அப்படியே இருக்க, காற்று மட்டும் குறைந்துகொண்டே போகிறது. நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் போட்டால் மீண்டும் நன்றாக இருக்கிறது. ஏன்?

பதில்: கூலிங் காயிலில் பனி உறைகிறது. காயிலின் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும்போது அதிலுள்ள சென்சார் கம்ப்ரசரை நிறுத்த வேண்டும். அது தவறினால், காற்றிலுள்ள ஈரம் காயிலின் தகடுகளுக்கு நடுவே பனிக்கட்டியாகிக் காற்றுவழியை அடைத்துவிடும். அடுத்த முறை காற்று குறையும்போது ஏசியை மட்டும் அணைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் பத்து நிமிடம் விடுங்கள். காற்று பழைய வேகத்துக்கு வந்து, வண்டிக்கு அடியில் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டினால் சந்தேகமே வேண்டாம்.

முதலில், உள்ளே வீசும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அது அடைத்திருந்தாலே காயிலின் மீது போதிய காற்று படாமல் பனி பிடிக்கும். ஃபில்டர் சுத்தமென்றால் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் அதை அமிழ்த்தி, மின்தடை எவ்வளவு என்று மல்டிமீட்டரில் பார்த்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணுடன் ஒப்பிடுவது சில நிமிட வேலை. கேஸ் குறைவும் காயிலின் ஒரு பகுதியில் பனி பிடிக்கச் செய்யும்.

காற்று அதே வேகத்தில் வந்து குளிர் மட்டும் விட்டுவிட்டுப் போகிறது என்றால் கதை வேறு. சுற்றுக்குள் புகுந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைப்பது ஒரு காரணம். அதற்கு, சுற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, வேக்குவம் செய்து, புதிதாகக் கேஸ் நிரப்ப வேண்டும். மற்றொன்று, எஞ்சின் சுழற்றும் புல்லியுடன் கம்ப்ரசரை மின்காந்தத்தால் இணைத்துப் பிரிக்கும் மேக்னடிக் கிளட்ச். அதன் தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்க வேண்டும். தேய்மானத்தால் இடைவெளி அகன்று, சூட்டில் கிளட்சின் மின்சுருளின் காந்த விசையும் குறையும்போது தட்டு ஒட்டாமல் விட்டுவிடும்.

கேள்வி: ஏசி சுவிட்சைப் போட்டால் கம்ப்ரசர் ஓடுவதே இல்லை. கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள். கம்ப்ரசர் ஓடவில்லை என்பதற்கும் கம்ப்ரசர் கெட்டுவிட்டது என்பதற்கும் இடையில் பல படிகள் இருக்கின்றன. ஃபியூஸைப் பாருங்கள். ஏசியின் ரிலேயை அதே பெட்டியில் உள்ள அதே வகை ரிலே ஒன்றுடன் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கேஸ் மிகவும் குறைந்தால், எண்ணெய் திரும்பி வராமல் கம்ப்ரசர் கெட்டுவிடாதிருக்க, பிரஷர் சுவிட்சே மின்சாரத்தைத் தடுத்துவிடும். அந்த நிலையில் சுவிட்சை வயரால் இணைத்துக் கம்ப்ரசரை வலிய ஓட்டுவது, நல்ல கம்ப்ரசரையும் கெடுக்கும் வேலை. கிளட்சின் இணைப்பு வரை 12 வோல்ட் வந்தும் கிளட்ச் இழுக்கவில்லை என்றால் சுருளிலோ இடைவெளியிலோ கோளாறு. பல கார்களில் அதை மட்டும் தனியே மாற்றலாம். மின்சாரமே வரவில்லை என்றால் குற்றம் கம்ப்ரசருடையது அன்று.

சில புதிய கார்களில் கிளட்சே கிடையாது. புல்லியும் ஷாஃப்டும் எப்போதும் சுழல, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு வால்வு மட்டும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில், கிளட்ச் ஒட்டும்போது வரும் ‘டக்’ என்ற ஒலி கேட்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி வால்வுக்குப் போகும் கட்டளையையும் பிரஷர் சென்சாரின் எண்ணையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: கம்ப்ரசர் இறுகிப்போனதால் புதியது போட்டோம். சில மாதங்களிலேயே அதுவும் இறுகிவிட்டது. புதியதும் தரமற்றதுதானா?

பதில்: தரம் காரணமாக இருக்கலாம். ஆனால் பழையது இறுகியபோது உதிர்ந்த உலோகத் துகள்கள் எங்கே போயின என்ற கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். அவை கண்டென்சரிலும் வால்விலும் குழாய்களிலும் தங்கி, புதிய கம்ப்ரசரை வந்து அடைகின்றன. குழாய்களைக் கரைப்பான் ஊற்றிக் கழுவலாம். ஆனால் இன்றைய கண்டென்சர்களின் மெல்லிய, இணையான வழிகளில் ஒன்று அடைத்தாலும் கரைப்பான் மற்ற வழிகளில் போய்விடும் என்பதால், அவற்றை முழுமையாகக் கழுவ முடியாது; மாற்றத்தான் வேண்டும். ட்ரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் கூடவே மாற வேண்டும்.

எண்ணெயிலும் கவனம் தேவை. புதிய கம்ப்ரசர் எண்ணெயுடன் வருகிறதா, எந்த வகை, எத்தனை மில்லிலிட்டர் என்பதைப் பார்க்காமல் பொருத்தியிருந்தால், குறைவும் கேடு, மிகுதியும் கேடு. மின்சாரக் கார்களிலும் ஹைப்ரிட் கார்களிலும் மோட்டார் பொருந்திய கம்ப்ரசருக்கு மின்காப்புள்ள தனி எண்ணெய் குறிப்பிடப்பட்டிருக்கும். சாதாரணக் கார்களின் எண்ணெய் சிறிது கலந்தாலும் அந்தக் காப்பு கெடும். அவற்றின் ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் உடையவை. பயிற்சி இல்லாதவர்கள் தொடவே கூடாது.

கேள்வி: ஓட்டுநர் பக்கம் குளிர், மறுபக்கம் வெப்பம். இதற்கும் கேஸ்தான் காரணமா?

பதில்: இரு பக்கங்களுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உள்ள காராக இருந்தால், வெப்பக் காற்றையும் குளிர்காற்றையும் கலக்கும் மடலை நகர்த்தும் சிறு மோட்டார் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். டாஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ என்ற ஒலி தொடர்ந்து கேட்டால் அதன் பல் சக்கரம் உடைந்திருக்கும். இருந்தாலும் கேஸ் குறைந்து, திரவம் காயிலின் மறுமுனை வரை எட்டாதபோதும் இதே அறிகுறி தோன்றும் என்பதால் அதையும் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: ஏசி போட்டதும் பூஞ்சை வாடை வருகிறது. முன் இருக்கையின் கால் விரிப்பும் நனைந்திருக்கிறது.

பதில்: காயிலில் சேரும் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியிலிருந்து அதைச் சுத்தம் செய்தால் தேங்கிய தண்ணீர் வடியும். காயிலைப் பூஞ்சைக்கொல்லி நுரையால் கழுவி, கேபின் ஃபில்டரையும் மாற்றினால் வாடை போகும். சேருமிடம் வருவதற்குச் சில நிமிடங்கள் முன்பே ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் உலர்ந்துவிடும். விரிப்பை எடுத்து அடியில் உள்ள பஞ்சையும் காய வையுங்கள், ஏனெனில் பல கார்களில் வயர் இணைப்புகள் அதன் கீழேதான் செல்கின்றன. அந்த ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையுடன் இருந்து, முன் கண்ணாடியின் உட்புறத்திலும் எண்ணெய்ப் படலம் போலப் படிந்தால், அது ஏசியின் தண்ணீர் அன்று. ஹீட்டர் காயிலிலிருந்து கசியும் கூலன்ட். எஞ்சின் கூலன்ட்டின் அளவை உடனே பார்த்து, அது குறைந்திருந்தால் நீண்ட தூரம் ஓட்டாமல் பணிமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.