ஐந்து டாக்டர் இருக்கிறார்கள், மொத்தமாகப் பார்க்க ஒருவர் இல்லை

கேள்வி: டாக்டர், நாங்கள் களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் கல்ஃபில். வீட்டில் நான், ஆறு வயது மகள், 64 வயது மாமி. மாமிக்குப் பன்னிரண்டு வருடமாகச் சுகர். அதற்குத் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர், பிரஷருக்கு நாகர்கோவிலில் ஒருவர், முட்டு வலிக்கு மார்த்தாண்டத்தில் ஒருவர். மகளுக்கு வேறு டாக்டர், என் தைராய்டுக்கு வேறு. முன்பு ஊரில் ஒரு டாக்டர் எல்லோருக்கும் பார்ப்பார், அவர் போன பிறகு இப்படி ஆகிவிட்டது. இரண்டு வாரமாக மாமிக்குக் காலை பதினொரு மணி வாக்கில் தலைசுற்றலும் வியர்வையும் வருகிறது. எந்த டாக்டரிடம் போவது என்றே தெரியவில்லை. குடும்ப டாக்டர் என்று ஒருவரை எப்படித் தேடுவது? எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவர் போதுமா? மாமியின் மாத்திரைப் பட்டியலை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்: டாக்டரைத் தேடுவது அப்புறம் இருக்கட்டும், முதலில் அந்த மாத்திரைப் பட்டியலுக்கு வருகிறேன், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடக்கிறது.

திருவனந்தபுரத்துச் சீட்டில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் அட்டையில் மறுபடியும் மெட்ஃபார்மின். நாகர்கோவில் சீட்டில் பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும், சிறுநீரை அதிகம் போக வைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த மாத்திரை. மார்த்தாண்டத்தில் முட்டுக்கு அசெக்லோஃபெனாக் என்ற வலி மாத்திரை, காலையும் இரவும், ஆறு மாதமாக. ஒவ்வொரு சீட்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நான்கூட அதையேதான் எழுதியிருப்பேன். நாலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. வலி மாத்திரை கிட்னிக்குள் ரத்தம் வரும் வாசலைச் சுருக்கும், டெல்மிசார்ட்டன் வெளியே போகும் வாசலைத் தளர்த்தும், சிறுநீரைப் போக வைக்கும் அந்த மருந்து உடம்பில் உள்ள நீரையே குறைக்கும். அப்புறம் வடிகட்ட அழுத்தம் எங்கிருந்து வரும்? கிட்னி சோர்ந்தால் சுகர் மாத்திரை உடம்பை விட்டுப் போகாமல் தங்கும், சர்க்கரை தாழும், பதினொரு மணிக்கு வியர்க்கும். இப்படித்தான் நடந்திருக்கிறது என்று ஒரு பட்டியலை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்த தடவை வியர்க்கும்போது உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுங்கள். அன்றைக்கே ஒரு டாக்டரைப் பார்த்தாக வேண்டும், கிளிமிபிரைடால் தாழ்ந்த சர்க்கரை ஏறினது போல ஏறி மறுபடி இறங்கும், அடுத்த வேளை சுகர் மாத்திரையை அவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். வலி மாத்திரையை இன்றே நிறுத்தலாம், முட்டு வலித்தால் இப்போதைக்குப் பாரசிட்டமால் போதும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வியர்வை வராவிட்டாலும் இந்த வாரத்துக்குள் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி மூன்றும் பார்த்துவிடுங்கள்.

சரி, எந்த டாக்டரிடம் போவது? உங்களுக்கு இப்போது இருக்கும் குறை அதுதான். ஸ்பெஷலிஸ்டுகளுக்குப் பஞ்சமில்லை, எல்லா மாத்திரையையும் ஒரே இடத்தில் கொட்டிப் பார்க்கும் ஆள்தான் இல்லை. குடும்ப டாக்டர் என்றால் கைராசிக்காரர் என்றோ பெரிய படிப்பாளி என்றோ நினைக்காதீர்கள், உங்கள் வீட்டு மாத்திரை எல்லாம் யாருக்குத் தெரியுமோ அவர்தான் குடும்ப டாக்டர்.

நானே இதில் கோட்டை விட்டவன். ரப்பர் வெட்டும் ஒரு பெரியவர் இரண்டு வருடமாக என்னிடம் பிரஷருக்கு வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவர் மனைவி ஒரு மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார், பதினான்கு அட்டை. அதில் மூன்று ஒரே மருந்து, மூன்று வெவ்வேறு பெயரில், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் இரண்டு. இரண்டு வருடத்தில் ‘வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பையை எடுத்து வரச் சொல்வது அன்றைக்குத்தான் எனக்குப் பழக்கமானது.

நம் பகுதியில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். 1956 நவம்பர் 1-ல் நம் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் நோய் வந்தால் நம் கால் இன்னும் திருவனந்தபுரத்தைப் பார்த்துத்தான் போகும். மெடிக்கல் காலேஜ், இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீ சித்திரா, புற்றுநோய்க்கு ஆர்.சி.சி. எல்லாம் அங்கே, களியக்காவிளையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும்போது அது நியாயம்தான். ஆனால் அங்கே எழுதும் டாக்டருக்கு, 2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டில் சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இங்கே மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம் நாம் அந்தச் சீட்டைக் காட்டுவதும் இல்லை, ‘பிரைவேட்டில் பார்க்கிறோம் என்று தெரிந்தால் தர மாட்டார்கள்’ என்று ஒரு பயம். காட்டுங்கள் அம்மா, ஒன்றும் ஆகாது.

படிப்பு விஷயம் கேட்டீர்கள். எம்.பி.பி.எஸ். போதும், அதன் பிறகு அவர் எத்தனை வருடம் எப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்தார் என்பது முக்கியம். குடும்ப மருத்துவத்துக்கென்றே தனிப் படிப்பும் உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று வருடம் படிக்கும் டி.என்.பி. ஃபேமிலி மெடிசின் இருக்கிறது, கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி.யாகவே படிக்கலாம், வேலூர் சி.எம்.சி. வேலையில் இருக்கும் டாக்டர்களுக்கு அஞ்சல் வழியில் டிப்ளமோ நடத்துகிறது. பெயர்ப் பலகையில் இவற்றில் ஒன்று இருந்தால் நல்லது. ‘எம்.டி. பொது மருத்துவம்’ என்பது வேறு, அவர்கள் பெரியவர்களின் நோய்களில் நிபுணர்கள். குடும்ப மருத்துவம் படித்தவர் உங்கள் மகளின் காய்ச்சல், உங்கள் தைராய்டு, மாமியின் முட்டு மூன்றையும் ஒரே காலையில் பார்க்கப் பழகியவர். படிப்பு எதுவானாலும் மருத்துவக் கவுன்சில் பதிவெண் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் இருக்க வேண்டும், 2002-ல் வந்த மருத்துவ நெறி விதிகள் சொல்வது அது. எண் இல்லாத சீட்டு என்றால் நான் யோசிக்காமல் எழுந்து வந்துவிடுவேன்.

தூரம்தான் எனக்கு முதல் கணக்கு. ஆட்டோவில் இருபது நிமிடத்துக்குள் போகக்கூடிய ஆளாகப் பாருங்கள். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் தாண்டி அந்த நெரிசலில் போய்ப் பார்க்கிற டாக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மகளுக்கு ராத்திரி காய்ச்சல் அடித்தால் உதவ மாட்டார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையும் கணக்கில் சேருங்கள், குழித்துறை அரசு மருத்துவமனையையும்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் 2017-ல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றி, ஓ.பி.யைச் சாயங்காலம் வரை நீட்டியிருக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. அரசு இடங்களில் ஒரு குறை உண்டு, டாக்டர் மாறுதலாகிப் போய்விடுவார். அதைச் சமாளிக்கத்தான் நோட்டுப் புத்தகம், அதற்குக் கீழே வருகிறேன்.

பிறகு பாஷை. சின்ன விஷயம் போலத் தோன்றும். நம் பக்கத்துப் பாட்டிகள் காய்ச்சலைப் ‘பனி’ என்பார்கள், மூச்சிரைப்பை ‘வலிவு’ என்பார்கள். வெளி மாவட்டத்திலிருந்து புதிதாக வந்த டாக்டர் பனி என்றால் குளிர் என்று எடுத்துக்கொண்டு, வலிவைக் கேட்டு எங்கே வலிக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருப்பார். தமிழோ மலையாளமோ, மாமி தயங்காமல் பேசக்கூடிய பாஷையில் காது கொடுப்பவராக இருக்க வேண்டும். உங்களுக்கும் அதேதான், மாதவிடாய் பற்றியோ வெள்ளைப்படுதல் பற்றியோ கூச்சமில்லாமல் சொல்ல முடியாது என்றால் பெண் டாக்டராகவே பாருங்கள், அதில் தயக்கம் வேண்டாம்.

ஆளைக் கண்டுபிடித்த பிறகு பெரிய நோய் வரும்வரை காத்திருக்காமல் சின்ன விஷயத்துக்குப் போய்ப் பாருங்கள். மகளுக்குச் சளி, உங்களுக்கு வழக்கமான தைராய்டு டெஸ்ட், அந்த மாதிரி. தொட்டுப் பார்க்கிறாரா, பி.பி. பட்டையைச் சுற்றுகிறாரா, வேறென்ன மாத்திரை என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதாமல் ‘மூன்று நாள் பார்ப்போம், மூச்சு வேகமானாலோ குழந்தை தண்ணீர் குடிக்காமல் சுருண்டு படுத்தாலோ உடனே வாருங்கள்’ என்று சொல்பவர் நல்ல டாக்டர். மருந்து எழுதவில்லை என்று கோபப்பட்டு அடுத்த கிளினிக்குக்குப் போகும் நம் பழக்கத்தால் எத்தனையோ நல்ல டாக்டர்கள் கெட்டுப்போனார்கள், அது தனிக் கதை. போன உடனே இடுப்பில் ஒரு ஊசி, அசதி என்றால் ஒரு பாட்டில் குளுக்கோஸ், பெயர் இல்லாத மாத்திரைகளைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தருவது, இது மூன்றும் சேர்ந்த இடத்தை விட்டு விலகுங்கள். முக்கியமாக அந்தப் பொட்டலம். முட்டு வலிக்கு அதில் ஸ்டீராய்டு போகும், வலி மாயமாகப் போகும், மாமியின் சுகர் 400-ஐத் தொடும், ஏன் என்று யாருக்கும் தெரியாது.

‘நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யாரிடம் போவது’ என்று நேராகக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாரா என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் பார்ப்பாரா என்றும் கேட்கலாம், மாட்டேன் என்றால் அதுவும் நேர்மையான பதில்தான்.

ஒருவரைப் பிடித்துவிட்டால் லேசில் மாற்றாதீர்கள். நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு 2021-ல் வந்தது. ஒரே குடும்ப டாக்டரிடம் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்தவர்களை ஒரு வருடமே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தது ஏறக்குறைய 28 சதவீதம் குறைவு, இறப்பும் சுமார் 25 சதவீதம் குறைவு. அங்கே ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு டாக்டரை அரசே பதிவு செய்து வைத்திருக்கிறது, நமக்கு அந்த வசதி இல்லை, அதனால் எண்ணை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் விஷயம் புரிகிறது இல்லையா? உங்கள் ஊர் பழைய டாக்டரிடம் பெரிய மெஷின் எதுவும் இருந்திருக்காது, மாமியின் அப்பாவுக்கு எந்த வயதில் நெஞ்சுவலி வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்பெஷலிஸ்டுகளை விட்டுவிடச் சொல்லவில்லை. திருவனந்தபுரத்துக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை போகட்டும், போய்வந்த சீட்டு முதலில் உங்கள் குடும்ப டாக்டர் மேசைக்கு வரட்டும், அவர் பார்த்த பிறகு மாத்திரை வாங்குங்கள். அதற்குத்தான் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு பக்கத்தில் மாத்திரையின் மூலப் பெயர், அளவு, யார் எழுதியது, எந்தத் தேதி. மூலப் பெயர் அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும், மெடிக்கல் ஷாப் பையனிடம் கேட்டால் வாசித்துச் சொல்வான். இன்னொரு பக்கத்தில் பி.பி., சுகர், கிரியாட்டினின். டாக்டர் மாறுதலாகிப் போனாலும் அடுத்தவர் இதிலிருந்து தொடங்கலாம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ரெக்கார்டு வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002 விதிகளில் இருக்கிறது.

சில விஷயங்களுக்கு மட்டும் குடும்ப டாக்டரைத் தேடிப் போக வேண்டாம். நெஞ்சை அழுத்துகிற வலி, வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நேரே 108, ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரி, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ திருவனந்தபுரமோ, அந்த நேரத்தில் எந்த ரோடு ஓடுகிறதோ அந்தப் பக்கம்.

கணவர் செப்டம்பரில் லீவில் வருகிறார் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். அவரையும் அதே டாக்டரிடம் ஒருநாள் கூட்டிப் போங்கள். அங்கே ‘லேசாகப் பிரஷர் இருக்கிறது’ என்று கம்பெனி கிளினிக்கில் ஏதோ மாத்திரை கொடுத்தார்கள், பெயர் தெரியவில்லை என்கிறீர்களே, அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.