சியாங்மாயா, பினாங்கா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். மெல்போர்ன் நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்த அடிப்படையில் வீட்டிலிருந்தே மென்பொருள் சோதனை வேலை செய்கிறேன். மாதம் 4,200 ஆஸ்திரேலிய டாலர் வருகிறது. மனைவியோடும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனோடும் ஓரிரு ஆண்டு வெளிநாட்டில் தங்க விரும்புகிறேன். மகனுக்கு வீசிங் உண்டு. கோவை ஏஜெண்ட் ஒருவர், "சியாங்மாய் போங்கள், மொழிப் பள்ளி விசாவில் இரண்டு ஆண்டு இருக்கலாம், மொத்தம் 2.75 லட்சம்" என்கிறார். நண்பர்கள் லிஸ்பன் என்கிறார்கள். எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: லிஸ்பனை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மெல்போர்னில் காலை 9 மணி என்றால் லிஸ்பனில் பருவத்தைப் பொறுத்து இரவு 10 மணியோ நள்ளிரவோ. நீங்கள் விடிய விடிய வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவீர்கள். மனைவியும் மகனும் ஊரைத் தனியாகச் சுற்றுவார்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையத்தில் வேலை செய்பவருக்கு லிஸ்பன் இருக்கும் போர்ச்சுகல் தரும் விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு வருமானமும் காட்ட வேண்டும். 2025 கணக்கில் அது மாதம் 3,480 யூரோ. உங்கள் வருமானம் அதற்கு எட்டாது.

இப்போது கோத்தகிரியில் அதிகாலை 4.30 மணிக்கு வேலைக்கு உட்காருகிறீர்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை மெல்போர்ன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதால் அது 3.30 ஆகிவிடும். டிசம்பர் குளிரில் அந்த நேரத்துக்கு எழுவது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நீங்கள் போக வேண்டிய திசை கிழக்கு. அதே வேலை தாய்லாந்தின் சியாங்மாயில் 6 மணிக்கும் மலேசியாவின் பினாங்கில் 7 மணிக்கும் தொடங்கும்; மெல்போர்னின் கோடையில் ஒரு மணி நேரம் முன்னதாக. பினாங்கில் மதியம் 3 மணிக்கு வேலை முடிந்து மகனைப் பள்ளியிலிருந்து நீங்களே அழைத்து வரலாம். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையையும் காபிக் கடைகளையும் ஒப்பிடும் பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

சியாங்மாய் அழகான ஊர், செலவும் குறைவு. ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் வைக்கும் தீயின் புகை அந்தப் பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கிறது. அந்த மாதங்களில் உலகின் மிக மோசமான காற்றுள்ள நகரங்களின் பட்டியலில் அதன் பெயர் அடிக்கடி முன்வரிசைக்கு வரும். வீசிங் உள்ள குழந்தையோடு அங்கே குடியேறச் சொல்பவர், ஒன்று விவரம் தெரியாதவர், அல்லது தெரிந்தே மறைப்பவர்.

இனி அந்த ஏஜெண்ட். மொழிப் பள்ளி விசா மொழி படிப்பவருக்கானது. வகுப்புக்குப் போகாமல் பெயரை மட்டும் பதிந்துவைத்துக்கொண்டு வீட்டில் வேலை பார்ப்பது குடிவரவு அதிகாரியிடம் பொய் சொல்வது. நீட்டிப்புக்குப் போகும்போது நாலு வார்த்தை தாய் மொழியில் பேசச் சொன்னால் என்ன செய்வீர்கள்? அனுமதி ரத்தானால் குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டியது நீங்கள். ஏஜெண்ட் கோவையில்தான் இருப்பார்.

உங்களைப் போன்றவர்களுக்காகவே தாய்லாந்து 2024 ஜூலையில் தனி விசா கொண்டுவந்துவிட்டது. 5 ஆண்டு செல்லும், ஒவ்வொரு முறையும் 180 நாள் தங்கலாம், கணக்கில் 5 லட்சம் பாத் காட்ட வேண்டும். ஏஜெண்ட் ஏன் அதைச் சொல்லவில்லை? நீங்களே விண்ணப்பிக்கலாம் என்பதால் அவருக்கு அதில் வருமானம் குறைவு. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "5 லட்சம் பாத்தை நாங்கள் உங்கள் கணக்கில் போட்டுக் காட்டுகிறோம்" என்பார்கள். அது மோசடி, பிடிபட்டால் பெயர் கெடுவது உங்களுக்குத்தான். அசல் பாஸ்போர்ட்டை எந்த ஏஜெண்டிடமும் விட்டுவைக்காதீர்கள்.

ஒரு நாட்டில் உட்கார்ந்து இன்னொரு நாட்டுக்கு வேலை செய்வது இன்று எத்தனையோ பேரின் பிழைப்பு. இருந்தும் சுற்றுலா விசாவில் மடிக்கணினியைத் திறந்து வேலை செய்யலாமா கூடாதா என்று பல நாடுகள் தெளிவாக ஒரு வரி எழுதிவைக்கவில்லை. அந்த மௌனத்தில்தான் இடைத்தரகர்கள் வயிறு வளர்க்கிறார்கள். நம் பக்கமும் இதே கதைதான். சான்றிதழ் வெளிநாட்டில் செல்லும்படி போடும் அப்போஸ்டில் முத்திரைக்கு வெளியுறவு அமைச்சகம் வாங்கும் கட்டணம் தாளுக்கு 50 ரூபாய். அது எங்கே, எந்த வரிசையில் கிடைக்கும் என்பதைச் சாமானியருக்குப் புரியும்படி சொல்ல ஆளில்லாததால், மலையிலிருந்து இறங்கி வருபவர் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வருகிறது.

என் யோசனை பினாங்கு. மலேசியாவின் டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் 2022 முதல் டி ரந்தாவ் என்ற அனுமதியைத் தருகிறது. 3 முதல் 12 மாதம், பிறகு மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம். மனைவியையும் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் உங்களுக்கு 1,000 ரிங்கிட், சேர்ப்பவர் ஒவ்வொருவருக்கும் 500, வரி தனி.

இதில் ஓர் இடம் மட்டும் கவனம். தொழில்நுட்ப வேலை செய்பவருக்கு ஆண்டு வருமானம் 24,000 அமெரிக்க டாலர் இருந்தால் போதும். மற்ற வேலைகளுக்கு 60,000. உங்கள் வருமானம் முதலாவதைத் தாண்டுகிறது, இரண்டாவதைத் தொடவே இல்லை. எனவே நீங்கள் எந்த வகை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மென்பொருள் சோதனை தொழில்நுட்ப வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? சிறிய நிறுவனங்கள் பல "ஆலோசகர்" என்றோ "உதவிப் பணியாளர்" என்றோ பொத்தாம் பொதுவாக எழுதிவிடும். விண்ணப்பத்தைப் பார்ப்பவர் அந்தச் சொல்லைத்தான் பார்ப்பார். உங்கள் திறமை அவருக்குத் தெரியாது. மெல்போர்ன் மேலாளருக்கு எழுதி, பதவிப் பெயர், அன்றாடம் செய்யும் பணிகள், ஒப்பந்தக் காலம், மாத ஊதியம், மலேசியாவிலிருந்து வேலை செய்ய நிறுவனத்துக்குச் சம்மதம் ஆகிய ஐந்தும் உள்ள கடிதத்தை நிறுவனத்தின் தாளில் கையெழுத்தோடு வாங்குங்கள். மனைவியும் இணையத்தில் வேலை செய்பவராக இருந்தாலும் முதன்மை விண்ணப்பதாரர் நீங்களாகவே இருங்கள்.

பினாங்கு கடற்கரை ஊர், ஆண்டு முழுதும் புழுக்கம். மலைக்காற்றில் வளர்ந்த குழந்தைக்குப் பழகச் சில வாரம் ஆகும். சில ஆண்டுகளில் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை அங்கும் வருவதுண்டு. 2015, 2019 ஆண்டுகளில் கடுமையாக இருந்தது. ஆனால் சியாங்மாய் போல ஆண்டு தவறாமல் வருவதில்லை. இருந்தாலும் கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். குளிர் இல்லாமல் முடியாது என்றால் மலேசியாவிலேயே கேமரன் மலை இருக்கிறது, தேயிலைத் தோட்டம் உட்பட. பள்ளி, மருத்துவமனை வசதியில் பினாங்குக்கு ஈடாகாது.

மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகள் 500க்கும் மேல் இருக்கின்றனவே என்று கணக்குப் போடாதீர்கள். அவை அந்நாட்டு அரசுக் கல்வி அமைப்பைச் சேர்ந்தவை. வெளியிலிருந்து வரும் குழந்தைக்குப் பெரும்பாலும் சர்வதேசப் பள்ளிதான். அந்தக் கட்டணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு வீட்டு வாடகையைப் பேசுங்கள்.

வரி விஷயம்: ஏப்ரல் முதல் மார்ச் வரை 182 நாள் இந்தியாவில் இருந்தால், உங்கள் முழு வருமானத்துக்கும் இங்கே வரி. அதைவிடக் குறைந்தாலே விடுதலை என்றும் இல்லை. மலேசியாவும் தன் பங்குக்கு நாள்களை எண்ணும். அதன் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை கட்டாமலிருக்க இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம் உண்டு. எந்தத் தேதியில் கிளம்புவது என்பதை விமான டிக்கெட் எடுக்கும் முன்பே ஆடிட்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

முதலில் மூன்று மாத வாடகை வீடு மட்டும் பாருங்கள். அதுவரை கோத்தகிரி வீட்டை ஒத்திக்கு விட வேண்டாம், மகனின் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் வாங்க வேண்டாம். ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்தி, பணத்தை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.