வெளியான கட்டுரையில் ஜெல் படம் மாறிவிட்டது: என்ன செய்யலாம்?

கேள்வி: தாவர மரபியலில் எங்கள் கட்டுரை வெளிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆய்வேட்டுக்காகத் திரும்பப் பார்த்தபோது, இரண்டு வெவ்வேறு சோதனைகளுக்குக் கீழே ஒரே ஆக்டின் ஜெல் படம் (ஒப்பீட்டுக்கான ஆக்டின் மரபணுவின் பட்டைகளைக் காட்டும் படம்) இருப்பதைக் கவனித்தேன். கட்டுரையையே திரும்பப் பெற வேண்டிவருமா?

பதில்: பெரும்பாலும் வேண்டிவராது. ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. எல்லா மாதிரியிலும் ஆர்என்ஏ சம அளவில் இருந்தது என்பதற்கு ஆக்டின் பட்டைதான் சாட்சி. அந்தச் சாட்சி தவறினால், மியூட்டன்ட் (மரபணு பிறழ்ந்த) செடியில் மரபணு அடங்கியிருந்ததா, மாதிரிதான் குறைவாக இருந்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது.

முதலில் மூலக் கோப்பைத் தேடுங்கள். கட்டுரைக்காக வெட்டிய படம் உதவாது. ஜெல் படம் எடுத்த கருவியின் கணினியில் தேதியோடு பதிவான முழு ஜெல் வேண்டும். ஜெல்லின் எந்த லேனில் (பத்தியில்) எந்த மாதிரி என்பதை ஆய்வகக் குறிப்பேட்டோடு ஒத்துப் பாருங்கள். மற்ற படங்களையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். ஒரே கட்டுரைக்கு இரண்டாவது திருத்தம் வந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

பிறகு வழிகாட்டியிடமும் இணைக் கட்டுரையாளர்களிடமும் சொல்லி, தொடர்புக் கட்டுரையாளர் மூலம் இதழாசிரியருக்கு எழுதுங்கள். எந்தப் படம், எப்படி நேர்ந்தது, முடிவு மாறுகிறதா என்று நேராகச் சொல்லி மூலக் கோப்புகளை இணையுங்கள். ஏற்றுக்கொண்டால் தனி டிஓஐயுடன் (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்) திருத்த அறிவிப்பு வரும். பப்மெட் என்ற மருத்துவ, உயிரியல் கட்டுரைத் தரவுத்தளத்தில் இருக்கும் கட்டுரை என்றால் அங்கேயும் இரண்டும் இணைத்தே காட்டப்படும்.

தள்ளிப்போடாதீர்கள். நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக் குழுவினர் 20,621 கட்டுரைகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவில், 3.8 சதவீதக் கட்டுரைகளில் படச் சிக்கல் இருந்தது. அவற்றில் குறைந்தது பாதியில் வேண்டுமென்றே செய்ததற்கான அறிகுறிகள் தெரிந்தன. இப்படிப்பட்ட சூழலில், வெளியாள் கண்டுபிடித்தால் கைத்தவறும் மோசடியாகவே பார்க்கப்படும்.

மூலம் கிடைக்காதபோதுதான் உண்மையான சிக்கல். சோதனையைத் திரும்பச் செய்து, புதிய படத்தைப் பழையது என்று வைப்பது மோசடி. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். திரும்பச் செய்ததைத் திரும்பச் செய்ததாகவே தெரிவியுங்கள். ஏற்பதா என்பதை இதழாசிரியர் முடிவு செய்யட்டும். அப்போதும் ஆக்டினை மட்டும் தனியாக ஓட்டினால் போதாது. அதே ஆர்என்ஏவில் உங்கள் மரபணுவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கட்டுரையின் முக்கிய முடிவு இந்த ஒரு படத்தையே நம்பியிருந்து, மறுசோதனையிலும் அது நிற்கவில்லை என்றால், திரும்பப் பெறுவதுதான் சரி.

ஆய்வேட்டில் திருத்திய படத்தையே போட்டு, கட்டுரையில் நேர்ந்த பிழையை அதன் கீழே ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.