எந்த நாட்டுக் கல்வி முறையைப் பின்பற்றினால் இந்தியா பொருளாதாரப் போட்டியில் முந்தும்? பந்தலூரிலிருந்து ஒரு பதில்

கேள்வி: பின்லாந்து, சிங்கப்பூர், தென்கொரியா ஆகியவற்றில் எந்த நாட்டுக் கல்வி முறையைப் பின்பற்றினால் உலகப் பொருளாதாரப் போட்டியில் இந்தியா முந்தும்?

மூன்றில் எதைக் கொண்டுவந்தாலும் அது மட்டும் போதாது என்பது என் பதில். படித்தவர்களுக்கு வேலை தரும் தொழில் ஊரில் இல்லையென்றால், நம் பள்ளிக்கூடம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் லாபம் அடுத்த ஊருக்குத்தான். தொழில் வந்த பிறகோ, மாநில முதலிடம் வாங்கிய பிள்ளையைவிடக் கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கு என்ன தெரியும் என்பதுதான் போட்டியைத் தீர்மானிக்கிறது.

நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியை. பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஆனால் உலகப் போட்டியைத் தெரிந்துகொள்ள எங்கள் ஊரில் புத்தகம் தேவையில்லை, மிளகு விற்கப் போனால் போதும். "வியட்நாம் சரக்கு வந்துருச்சு, இந்த வெலைதான்" என்பார் கடைக்காரர். வியட்நாம் மிளகு இலங்கை வழியாகக் குறைந்த வரியில் உள்ளே வருகிறது என்று விவசாயிகள் சத்தம் போட்டு, 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் கீழே மிளகு இறக்குமதி செய்யக்கூடாது என்று மத்திய அரசு உத்தரவே போட்டது. காப்பியிலும் வியட்நாம்தான். உலகத்தில் பிரேசிலுக்கு அடுத்த இடம். எக்டேருக்கு நம்மைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கிறார்கள்.

சரி, வியட்நாம் பள்ளிக்கூடம் எப்படி? ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக இருக்கிறது. பிசா என்று ஒரு தேர்வு உண்டு. பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஈசிடி என்ற பொருளாதார அமைப்பு 2000இலிருந்து பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்துவது. 2022 பிசா கணிதத்தில் வியட்நாம் 469, அமெரிக்கா 465. ஆமாம், அமெரிக்காவைவிட நாலு புள்ளி அதிகம். ஆனால் வியட்நாமின் தலா வருமானம் அமெரிக்காவினுடையதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. (வியட்நாமில் அந்த வயதுப் பிள்ளைகளில் கணிசமானோர் பள்ளியிலேயே இல்லை, அவர்கள் தேர்வு எழுதவில்லை. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.) அமெரிக்கா இன்று நேற்றல்ல, 1964இல் நடந்த முதல் சர்வதேசக் கணித ஒப்பீட்டிலேயே 12 நாடுகளில் கடைசிக்குப் பக்கத்தில்தான் நின்றது. 1957இல் ரஷ்யா ஸ்புட்னிக் விட்டதும் பள்ளிக்கூடம்தான் காரணம் என்று பதறி 1958இல் சட்டமே போட்டார்கள், 1983இல் ஜப்பான் கார் முந்தியபோது மறுபடி பதறினார்கள். பணக்கார நாடாகவே இருந்துகொண்டு பதறுகிறார்கள். உலகம் முழுக்கப் படித்தவர்கள் அங்கே போய்ச் சேர்வதால், மற்ற நாடுகளின் பள்ளிச் செலவில் ஒரு பங்கு அவர்களுக்கு இலவசம்.

அப்படியானால் வியட்நாம் விவசாயி எங்களை எதில் முந்தினார்? பள்ளிக்கூடத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் 1986இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும், 1993 நிலச் சட்டத்தில் குடியானவர் கைக்கு நீண்டகால நில உரிமைச் சான்று கொடுத்ததும் அதைவிடப் பெரிய காரணம். எங்கள் கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் பழைய ஜமீன் போன்ற ஜென்மம் நில உடைமையை ஒழிக்க 1969இல் சட்டம் வந்து ஐம்பது வருடம் தாண்டியும் செக்‌ஷன் 17 நிலம், அதாவது யாருக்கு உரிமை என்று இன்னும் முடிவாகாத நிலம், என்ற சிக்கல் தீரவில்லை. பட்டா இல்லை, அதனால் பேங்க் லோன் இல்லை, கரண்ட் கனெக்‌ஷனுக்கும் இழுபறி. எம்.எஸ்சி. விவசாயம் படித்த மகன் ஊருக்கு வந்தாலும் போர்வெல் போட முடியாத நிலத்தில் என்ன செய்வான்? கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுவான். ஏறுகிறான்.

இலங்கையை இங்கே சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நாங்களே அங்கிருந்து வந்தவர்கள்தான். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்களுக்காக அரசு தொடங்கிய டான்டீ தோட்டத்தில்தான் என் அப்பா அம்மா வேலை பார்த்தார்கள். இங்கே எங்களை இன்னும் "சிலோன்காரங்க" என்றுதான் சொல்வார்கள். அந்த இலங்கை 1945லேயே கல்வியை இலவசமாக்கிய நாடு. எழுத்தறிவில் நம்மை எப்போதோ தாண்டிய நாடு. அதே நாடு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. டாலர் சம்பாதிக்கத் தேயிலை, ஆயத்த ஆடை, சுற்றுலா, வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் அனுப்பும் பணம் என்ற நாலைந்து வழியைத் தாண்டி அந்தப் படிப்பு போகவில்லை. அந்தத் தேயிலையைப் பறித்த எங்கள் சனத்துக்கு அந்த இலவசக் கல்வி வந்து சேர்ந்ததும் வெகு தாமதமாகத்தான். தோட்டப் பள்ளி என்றால் ஒற்றை ஆசிரியர், அஞ்சாவதோடு சரி. அந்தப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டதே 1970களில். ஆக, பட்டியலில் உயர்ந்து நிற்கும் நாட்டுக்குள்ளேயே பட்டியலில் சேராத ஆட்கள் இருப்பார்கள்.

இதற்கு நேர் எதிர்க் கதை கிழக்காசியாவில். 1960 வாக்கில் தைவானில் எழுத்தறிவு 54 சதவீதம், பிலிப்பைன்ஸில் 72. தென்கொரியா 71, அர்ஜென்டினா 91. அன்றைக்கு எவரேனும் தரவரிசை போட்டிருந்தால் எந்த நாடுகள் பணக்கார நாடாகும் என்று தலைகீழாகத்தான் சொல்லியிருப்பார்கள். தைவானும் கொரியாவும் நிலச் சீர்திருத்தம் செய்தன, தொடக்கப் பள்ளியை எல்லாருக்கும் கொண்டுபோயின, பின்னாலேயே ஏற்றுமதிக்கு ஃபேக்டரிகளைக் கட்டின. ஆறாவது, எட்டாவது படித்தவர் நிற்க ஒரு மெஷின் இருந்தது. அவர் பிள்ளை பத்தாவது படித்தபோது அதைவிடச் சிக்கலான மெஷின் வந்தது. பிலிப்பைன்ஸில் நர்ஸ் படித்தவர் கப்பலேறினார்.

கொரியாவைப் பார்த்து ஏங்குபவர்களுக்கு இன்னொன்று. நவம்பரில் அவர்கள் கல்லூரி நுழைவுத் தேர்வு நடக்கும்போது, ஆங்கிலம் கேட்டு எழுதும் பகுதிக்காக நாடு முழுக்க விமானம் ஏறாது, இறங்காது. டியூஷனுக்குப் பெற்றோர் 2023இல் செலவழித்தது 27 லட்சம் கோடி வோன். ராத்திரி பத்து மணிக்கு மேல் டியூஷன் சென்டர் நடத்தாதே என்று சியோலில் விதி போடவேண்டி வந்தது. அதே 2023இல் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.72. பிள்ளை வளர்க்க ஆகும் செலவைக் காரணமாகச் சொல்பவர்களில் டியூஷனைச் சொல்லாதவர் குறைவு. நீட் கோச்சிங்குக்கு நகையை அடகு வைக்கும் வீடுகளைப் பார்த்த எனக்கு, கொரியாவிடம் கற்றுக்கொள்ள வேண்டியதை நாம் ஏற்கெனவே கற்றுவிட்டோம் என்றுதான் தோன்றுகிறது.

இனி நம் கதை. 2009 சுற்றுப் பிசாவில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில் இரண்டுக்கும் கிடைத்தது கடைசி மூன்று இடங்களுக்குள். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா ஒதுங்கிக்கொண்டது. அந்தச் சுற்றில் முதலிடம் ஷாங்காய். ஒரே ஒரு நகரம். ஊட்டி, கொடைக்கானல் சர்வதேசப் பள்ளிகளிலிருந்து மட்டும் பிள்ளைகளை அனுப்பியிருந்தால் நாமும் ஒரு கை பார்த்திருக்கலாம். ஆனாலும் "கேள்வி பொருந்தவில்லை" என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கம் சிறு விவசாயி பறிக்கும் பச்சைத் தேயிலையை வண்டி வந்து எடுத்துப் போகும். மழைக்காலத்தில் இலையில் தண்ணீர் இருக்கும் என்று எடையில் இத்தனை சதவீதம் என்று கழிப்பார்கள். நாற்பத்தெட்டுக் கிலோ, எட்டு பர்சென்ட் கழிவு என்றால், "நாலு கிலோகிட்ட போயிரும் டீச்சர், நாப்பத்திநாலுதான் போடுவாங்க" என்று பேனாவைத் தொடாமல் சொல்லும் பையன் என் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். அதே பையனிடம் "ஓர் எண்ணின் 8% 3.84 எனில் அவ்வெண்ணைக் காண்க" என்றால் விழிப்பான். ஒரு நாள் பிசா பாணியில் நானே ஒரு கணக்கு எழுதிப் போட்டேன்: ஒரு ஃபேக்டரி கிலோவுக்கு 20 ரூபாய் தருகிறது, 8 சதவீதம் கழிக்கிறது. இன்னொன்று 21 ரூபாய், 12 சதவீதக் கழிவு. யாருக்கு இலை கொடுப்பீர்கள்?

வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பெண் 18.40, 18.48 என்று இரண்டையும் பிழையில்லாமல் போட்டுவிட்டு, "இதுல விடை எது டீச்சர்?" என்று கேட்டாள். எட்டுப் பைசா லாபம் அவள் கண் முன்னால் இருக்கிறது, ஆனால் முடிவு எடு என்று அவளிடம் இதுவரை எந்தப் பரீட்சையும் கேட்டதில்லை. அந்தப் பையனோ கணக்கே போடாமல், "கழிவு கூடப் போடுறவங்கள நம்ப முடியாது டீச்சர், அடுத்த வாரம் பதினஞ்சு ஆக்குவாங்க" என்றான். அதுவும் அறிவுதான், ஆனால் எழுதிக் காட்டத் தெரியாத அறிவு. இரண்டும் ஒரே தலையில் சேர்வதைத்தான் பிசா அளக்கப் பார்க்கிறது, ஃபேக்டரியும் ஏற்றுமதிக் கம்பெனியும் சம்பளம் கொடுத்து வாங்குவது அதைத்தான். பொருந்தாத கேள்வி என்று இதை எப்படிச் சொல்வது?

பின்லாந்தைச் சுருக்கமாக. ஏழு வயதில் பள்ளி, ஆசிரியர் எல்லாருக்கும் முதுகலைப் பட்டம், பள்ளி முடியும்வரை பொதுத்தேர்வு இல்லை. எல்லாம் நல்லதே. ஆனால் 2006இல் கணிதத்தில் 548 எடுத்த நாடு 2022இல் 484க்கு இறங்கியிருக்கிறது, முறை பெரிதாக மாறாமலே. அவர்களிடம் எடுக்க வேண்டியது பணக்காரன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் ஒரே பள்ளியில் என்று 1970களில் அவர்கள் செய்த மாற்றம். ஹோம்வொர்க் குறைவு என்பதை மட்டும் இங்கே எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்தை நான் சேர்ப்பேன். சுவிட்சர்லாந்தில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் தொழிற்பயிற்சி வழியாகத்தான் போகிறார்கள். கொஞ்ச நாள் வகுப்பு, மிச்ச நாள் கம்பெனியில் சம்பளத்தோடு வேலை. அதற்குப் பின் மேற்படிப்புக்கும் கதவு திறந்திருக்கும். இங்கே ஐடிஐ என்றால் மார்க் இல்லாதவன் போகும் இடம். தேயிலையை நசுக்கித் தூளாக்கும் சிடிசி மெஷின் ரோலரின் பல்லைத் தீட்டத் தெரிந்த ஆள் கிடைக்காமல் தேயிலை ஃபேக்டரிக்காரர்கள் அலைவதைப் பார்த்திருக்கிறேன். பல் மழுங்கினால் தூள் தரம் போச்சு, ஏலத்தில் விலை போச்சு. அதே ஊரில் பி.இ. முடித்த பையன்கள் டெலிவரி வேலைக்குக் கோவை போகிறார்கள்.

2021–22 கணக்கில் கல்லூரி போகும் வயதினரில் தமிழ்நாட்டில் 47 சதவீதம் பேர் உயர்கல்வியில், இந்தியா முழுக்க 28.4. பெருமைப்படலாம், நானும் அந்த அலையில் மேலே வந்தவள்தான். ஆனால் எங்கள் மலையை ஒரு குட்டி நாடாக நினைத்துப் பாருங்கள். படித்தவர்கள் திருப்பூர், பெங்களூர். தோட்டத்தில் இலை பறிக்க ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள். அவர்கள் பிள்ளைகள் இப்போது என் ஆறாம் வகுப்பில் தமிழ் எழுத்துக் கூட்டுகிறார்கள். பள்ளி அதன் வேலையைச் செய்துவிட்டது, மலைக்குக் கிடைத்தது மணியார்டர்.

சுதந்திரத்துக்குப் பின் இந்தியா உச்சியிலிருந்து கட்டத் தொடங்கியது. கரக்பூர் ஐஐடி 1951இல் வந்துவிட்டது. எல்லாக் குழந்தைக்கும் கட்டாயக் கல்வி என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். அதனால்தான் உச்சியில் இருந்தவர்களை வைத்து மென்பொருளில் ஜெயித்தோம், லட்சக்கணக்கில் சாதாரணத் தொழிலாளர் வேண்டிய உற்பத்தியில் சீனாவிடமும் வியட்நாமிடமும் தோற்றோம். முழுக் காரணம் இதுதான் என்று சொல்லமாட்டேன். மின்சாரம், துறைமுகம், தொழிலாளர் சட்டம் என்று நிறைய இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தின் பங்கு எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

சிங்கப்பூரில் ஒன்றே ஒன்று: ஆசிரியர் அத்தனை பேருக்கும் ஒரே நிறுவனத்தில் பயிற்சி. மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைக்கும் முறையை நாற்பது வருடம் நடத்திவிட்டு 2024இல் அவர்களே விட்டுவிட்டார்கள். அதைப் போய் நாம் ஆரம்பிக்க வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தை இறக்குமதி செய்யலாம் என்றால் நான் வியட்நாமிடம்தான் கேட்பேன். மிளகுக்கு வரி போடட்டும், இதற்கு வேண்டாம். தூரத்து மலைப் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கு அவர்கள் கூடுதல் படி தருகிறார்கள், பின்தங்கிய இடத்துக்கு அதிகம் செலவழிக்கிறார்கள். நமக்கும் மலைப்படி உண்டு, அது யாரையும் இங்கே நிறுத்திவைக்கும் தொகை இல்லை. கலந்தாய்வில் புதிதாக வருபவர் தேவாலா மழையைப் பார்ப்பார், பள்ளிக்கு வரும் வழியில் யானை நிற்பதைப் பார்ப்பார், அடுத்த கலந்தாய்வில் சமவெளிக்கு இறங்கிவிடுவார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அறிவியல் ஆசிரியர் இல்லாத வருடங்களில் பத்தாம் வகுப்புக்கு ஒளியியலையும் நான்தான் எடுக்கிறேன். குவிலென்ஸ் படம் நான் கரும்பலகையில் போட்டால் கதிர்கள் ஒரு புள்ளியில் சேர்வதில்லை, பிள்ளைகளே எழுந்து வந்து திருத்துகிறார்கள்.