விந்தணு 'ஜீரோ' என்று வந்தால்

கேள்வி: என் கணவருக்கு விந்துப் பரிசோதனையில் அணுக்கள் 'நில்', அதாவது ஒன்றுமே இல்லை என்று வந்திருக்கிறது. இனி வழியே இல்லையா, டாக்டர்?

பதில்: ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், அம்மா. சில வாரங்கள் கழித்து மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள். விந்தைச் சுழற்றி, அடியில் படிவதையும் பார்த்தார்களா என்று லேபில் கேளுங்கள். அதில் நாலைந்து அணுக்கள் கிடைத்தால்கூட நிலைமையே வேறு. கருமுட்டைக்குள் அணுவை ஊசியால் நேரடியாகச் செலுத்தும் இக்சி சிகிச்சையில் ஒரு கருமுட்டைக்கு ஓர் அணுதான் தேவை. அதிலும் இல்லையென்றால், உற்பத்தியே இல்லையா, உற்பத்தியானது வெளியே வர வழியில்லையா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: அதற்கு விதையில் (விந்தணு உருவாகும் விரையில்) ஊசி குத்தித்தான் பார்க்க வேண்டுமா?

பதில்: எடுத்ததுமே ஊசி வேண்டாம். முதலில் மருத்துவர் தொட்டுப் பார்க்கட்டும். சிலருக்குப் பிறவியிலேயே விந்துக் குழாய் இருக்காது. அது விரலிலேயே தெரிந்துவிடும். அவர்களுக்கு விந்தின் அளவும் குறைவாக இருக்கும். இக்சிக்கு முன் கணவன், மனைவி இருவருக்கும் சி.எஃப்.டி.ஆர். மரபணுவைப் பார்ப்பது அவசியம். இதன் கோளாறால்தான் பலருக்கும் அந்தக் குழாய் இல்லாமல் போகிறது; இருவரிடமும் கோளாறு இருந்தால் குழந்தைக்கு நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோய் வரலாம்.

அப்புறம் ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். அளவைப் பார்க்க வேண்டும். அணுவை உற்பத்தி செய்யும்படி விதையைத் தூண்டும் ஹார்மோன் இது. விதை நல்ல பருமனாக இருந்து இதுவும் சரியாக இருந்தால் பெரும்பாலும் அடைப்புதான். விதை சிறுத்து, இது ஏறியிருந்தால் உற்பத்தியில் கோளாறு. இது மிகவும் இறங்கியிருந்தால் அதைச் சுரக்கும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் பிரச்சினை. ஹார்மோன் ஊசிகளால் பலருக்கும் அணுக்கள் வருகின்றன, ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கேள்வி: எனக்கு ஒய் குரோமோசோமில் ஒரு பகுதி இல்லை என்கிறார்கள். விதையிலிருந்து அணுவை எடுக்க ஆபரேஷன் செய்யலாமா?

பதில்: எந்தப் பகுதி என்று பாருங்கள், தம்பி. அணு உற்பத்திக்கான ஏ.இசட்.எஃப். என்ற இடத்தில் 'ஏ', 'பி', 'சி' என்று மூன்று பகுதிகள் உண்டு. 'ஏ' அல்லது 'பி' முழுதாக இல்லையென்றால் அணு கிடைக்க வாய்ப்பு அநேகமாக இல்லை. கத்தி வைக்க விடாதீர்கள். 'சி' மட்டும் என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. பிறப்பது ஆண் குழந்தையானால் அவனுக்கும் இந்தக் குறை போகும் என்பதை இப்போதே இருவரும் பேசிவிடுங்கள்.

கேள்வி: அணுவை எடுக்கும் 'மைக்ரோ டீசே' ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

பதில்: மயக்க மருந்து கொடுத்து, விதையைத் திறந்து, நுண்ணோக்கியில் தேடுவார்கள். உள்ளே நூல் நூலாகக் குழல்கள் சுருண்டு கிடக்கும். பெரும்பாலானவை மெலிந்து வெறுமையாக இருக்கும். நடுவில் எங்கோ ஒன்றிரண்டு தடித்து, வெண்மையாகத் தெரியும். அதைத்தான் எடுப்பார்கள். பக்கத்து லேபில் அதைப் பிரித்து மணிக்கணக்கில் அணுவைத் தேடுவார்கள். ஓர் எக்ஸ் கூடுதலாக, எக்ஸ்.எக்ஸ்.ஒய். குரோமோசோம் உள்ள, விதை மிகச் சிறுத்த ஆண்களிலும் பலருக்கு இப்படிக் கிடைத்திருக்கிறது.

கேள்வி: உடம்பு ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். அணுக்களும் கூடும்தானே?

பதில்: கூடாது, குறையும்! ஜீரோவுக்கே போகலாம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், விதைக்குப் போகும் கட்டளையை மூளை நிறுத்திவிடும். குழந்தை வேண்டுமென்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள்; அவர் மேற்பார்வையில் ஊசியை நிறுத்துங்கள். ஓர் அணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள் ஆகும். பெரும்பாலும் திரும்பி வரும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

கேள்வி: ஆபரேஷனிலும் கிடைக்காவிட்டால்?

பதில்: தானமாகப் பெறும் விந்தா, தத்தெடுப்பதா, இப்படியே இருவராக வாழ்வதா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே மனம்விட்டுப் பேசுங்கள். அன்று மாலை அழுதுகொண்டே முடிவெடுக்க வேண்டாம். ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் கழித்து கணவருக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவையும் பாருங்கள். அறுவைக்குப் பின் அது இறங்கக்கூடும்.