ஓடினால் மூச்சு வாங்கத்தான் செய்யும்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குகிறது, முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறாள். இரவில் கால் வலி. காய்கறியைத் தொடுவதே இல்லை. சத்து டானிக் கொடுக்கிறேன். மைதானத்தில் ஒரு சிறுவன் சுருண்டு விழும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து, விளையாட்டு வகுப்புக்கு அனுப்ப வேண்டாம் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இதய ஸ்கேன் எடுக்கலாமா?

மருத்துவர் பதில்: 9 வயதுக் குழந்தை முழு வேகத்தில் ஓடும்போது இதயம் நிமிடத்துக்கு 180, 200 தடவைகூடத் துடிக்கும். முகமும் சிவக்கும். ஓட்டத்தை நிறுத்திய சில நிமிடங்களில் சாதாரணமாகப் பேசுகிறாளா? அப்படியென்றால் பெரும்பாலும் ஓடிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அவளை மைதானத்திலிருந்து எடுத்துவிட்டால் அடுத்த மாதம் இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கும். அதையும் நோய்க் கணக்கில்தான் எழுதுவீர்கள்.

உங்கள் பயமெல்லாம் அந்த வீடியோதான். எனவே மயக்கத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வெயிலில் வெகுநேரம் அசையாமல் நின்று கண் இருட்டிச் சரிவது, ரத்த அழுத்தம் தற்காலிகமாக இறங்குவதால் வருவது. படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே, நீந்திக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பி விழுவது முற்றிலும் வேறு. ஒரே ஒரு தடவை நடந்திருந்தாலும் விடக்கூடாது. இதயத் தசை தடித்திருப்பது, துடிப்பை நடத்தும் மின்னோட்டத்தில் கோளாறு போன்றவை சில குழந்தைகளிடம் முதலில் இப்படித்தான் தலைகாட்டும். ஓடும்போது நெஞ்சை அழுத்துகிற வலியும் இதே வரிசைதான். நெருங்கிய ரத்த உறவில் யாராவது 50 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்திருக்கிறார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தும் தண்ணீரில் மூழ்கி இறந்தவர் இருந்தால் அவரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் விளையாட்டை நிறுத்திவிட்டு உடனே குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள், இ.சி.ஜி. (இதய மின்னோட்டப் பதிவு), எக்கோ (நீங்கள் கேட்ட இதய ஸ்கேன்) இரண்டும் தேவைப்படும். விழுந்த குழந்தை கூப்பிட்டும் அசையவில்லை, சீராக மூச்சும் விடவில்லை என்றால் ஆம்புலன்ஸை அழைத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. விசாரித்த பிறகும் இல்லையென்றால் ஸ்கேன் வேண்டாம், பள்ளியில் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஓடி முடித்த பிறகு இருமலோ மூச்சில் விசில் சத்தமோ வந்தால் ஆஸ்துமாவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு; மருந்தோடு விளையாடலாம்.

இரண்டு காலிலும் இரவில் வலித்து, காலையில் துள்ளி ஓடினால் விட்டுவிடுங்கள். ஒரே காலில் வலி, வீக்கம், நொண்டல் என்றால் காட்டுங்கள்.

டானிக்கை யார் எழுதிக் கொடுத்தது? பசியைத் தூண்டும் சிரப்புகளில் சில, தூக்கத்தையும் சேர்த்தே தூண்டும். ரத்தசோகை இருந்தாலும் மூச்சு வாங்கும் என்பது உண்மைதான். முகம் வெளிறி, எப்போதும் சோர்ந்திருந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள். இந்த வயதில் 100 மி.லி. ரத்தத்தில் 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் சிகிச்சை தேவை. இரும்புச்சத்து மருந்தை எடைக்கு ஏற்ப மருத்துவர்தான் கணக்கிட வேண்டும், அளவு மீறினால் அது விஷம்.

காய்கறி விஷயத்தில் கெஞ்சலும் வேண்டாம், லஞ்சமும் வேண்டாம். தட்டில் இரண்டு துண்டு வையுங்கள், நீங்களும் எதிரில் உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள். பத்துத் தடவை ஒதுக்கிவிட்டுப் பதினோராவது தடவை வாயில் வைக்கும் குழந்தைகள் ஏராளம்.

இந்த வயதில் தினமும் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே மூச்சில் வேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிடமாகத் தொடங்கட்டும். களைத்து வந்ததும் தண்ணீர் போதும். 330 மி.லி. குளிர்பானக் கேனில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது.